துடக்குள்ள வேலை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிதுர்ஷன் புது வேலையில் நிற்க வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் சடங்கில் அவன் மேல் அம்மாள் வர வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்கலாம் என்று ஊர் சொன்னது. ஊர் என்றால் முதலில் அவனுடைய அம்மா அன்னப்பூரணி.

அம்புலன்ஸ் வேலைக் கடிதத்தைப் புதன்கிழமைதான் அவளுக்குக் காட்டினான். அதுவரை கொழும்பில் பெரிய வாகனச் சாரதிப் பயிற்சி எடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தான். முழுப் பொய்யும் இல்லை. அம்புலன்ஸ் என்றால் ஒரு சாரதி இருக்கத்தானே வேண்டும். ஆனால் இவன் பின்னால் நோயாளியோடு இருக்கிறவன்.

அன்னப்பூரணி அந்த நேரம் கிணற்றடியில் குந்தியிருந்து, சடங்குக்கு அவன் கட்டும் சிவப்புப் பட்டுத்துணியை மஞ்சள் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"பின்னால இருந்து என்ன செய்யிற?"

"ரத்தம் வந்தாக் கட்டுவன். மூச்சு நிண்டா நெஞ்சில அமத்துவன். பிள்ளைப்பேறு எண்டா..."

"பிள்ளைப்பேறா?"

"ஓம்."

"செத்த ஆக்களையும் ஏத்துவாங்களா?"

"செத்த பிறகு ஏத்துறல்ல. ஏத்தின பிறகு செத்தா என்ன செய்யிற, நடு ரோட்டில இறக்கியா விடுற?"

அவள் பட்டைப் பிழிந்தாள். தேவைக்கு மேலேயே பிழிந்தாள்.

"துடக்குள்ள வேலை. தெய்வம் ஆடுற உடம்போட போய் ஊரில உள்ள துடக்கெல்லாத்தையும் அள்ளிப் பூசிக்கொண்டு வரப் போறாய். அம்மாள் சும்மா இருப்பாளா மனே?"

வாவிக்கரையில் இருந்த அந்த ஊரில் பிறப்பும் இறப்பும் நடந்த வீடு முப்பத்தொரு நாளைக்குத் துடக்கு வீடு, தீட்டு வீடு. சாதாரண ஆள் அந்த நாட்களில் கோயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும். தெய்வம் ஆடுகிறவன் அந்த வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. பதினாலு வயதிலிருந்து நிதுர்ஷன் ஒரு சாவு வீட்டுக்குள்ளும் போனதில்லை. கூடப் படித்த திவாகரன் தோணி கவிழ்ந்து செத்தபோது, வீட்டுக்கு எதிரே ரோட்டோரப் பனைமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். பாடையைத் தூக்க ஒரு தோள் குறைந்து, பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். திவாகரனின் தாய் இன்றைக்கும் அவனோடு கதைப்பதில்லை.

"இஞ்ச பார்," என்றாள் அன்னப்பூரணி. "நான் தடுக்கல்ல. வெள்ளிக்கிழமை அம்மாள் வருவா. கோயில் கட்டாடியார் அண்ணனிட்டச் சொல்லிக் கேக்க வைக்கிறன். அம்மாள் போ எண்டு சொன்னா, மறுகா நான் வாயே திறக்க மாட்டன்."

நிதுர்ஷனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாள் யாருடைய வாயால் சொல்லுவாள்? அவனுடைய வாயால். அவனுக்கு விடுதலை கொடுப்பதா இல்லையா என்பதை அவனே அறிவிக்கலாம். போகட்டும் என்று இரண்டு தரம் கத்தினால் வேலை முடிந்தது. அம்மா காலில் விழுந்து கும்பிட்டு அனுப்பி வைப்பாள்.

ஏனென்றால் அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அம்மாள் வருவது நின்று ஐந்து வருஷம்.

முதல் தரம் வந்தது பொய்யில்லை. பதினாலு வயதில், உடுக்குச் சத்தத்தில் தலை கிறுகிறுத்து, பிறகு ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது கோயில் மணலில் கிடந்தான், கையில் கமுகம்பூ. கட்டாடியார் வினாயகமூர்த்தி தண்ணீர் தெளித்து, "இவன் தெய்வத்துக்குப் பிறந்தவன்" என்றார். கோயில் பூசையும் முறையும் அவர் பொறுப்பு. அவர் சொன்னால் சொன்னதுதான். அவனோடு படித்தவர்கள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போய், என்ன செய்வது என்று தெரியாமல் மாறி மாறி வேலை பார்த்தார்கள். அவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. நீ எதற்குப் பிறந்தாய் என்று ஊரே சொல்லிவிட்டது. வருஷத்தில் ஏழு நாள் தெய்வம், மிச்ச நாளெல்லாம் ஓட்டோ.

இருபத்துமூன்றாவது வயதில் ஒரு சடங்கில் உடுக்கு அடித்தது, காவியம் பாடினார்கள், ஒன்றும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் பொறுத்தான். பிறகு இடது தோளை மெல்ல ஆட்டினான். தோள் ஆடினால் தலை ஆடும், தலை ஆடினால் மிச்சத்தைச் சனமே செய்துவிடும். அவ்வளவு லேசாக இருந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. தீக்குழியிலும் இறங்கினான். நிற்காமல் நடந்தால் சுடாது. இது தெய்வத்துக்கும் தெரியும், நிதுர்ஷனுக்கும் தெரியும்.

அப்படியே நடித்துக்கொண்டு செத்தும் போயிருப்பான். அதைக் குழப்பியது போன வருஷம் பிறந்த ஒரு பிள்ளை.

சடங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. பெரியகல்லாற்றுச் சந்தியில் ஓட்டோவை விட்டிருந்தான். ஜெனிற்றா என்ற பெண்ணும் அவளுடைய தாயும் ஏறினார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வயிறு முட்ட நிறைமாதம். ஆசுபத்திரிக்குப் பத்து நிமிஷம் போதும். நாலாவது நிமிஷத்தில் தாய்க்காரி கத்தினாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளையின் தலை தெரிந்தது.

போனில் அம்புலன்ஸை அழைத்தான். மறுமுனையில் ஒரு பெண், அரிசி விலை கேட்பவள் மாதிரி நிதானமாகப் பேசினாள். சுத்தமான துணி எடுங்க. இழுக்க வேணாம். தலையைத் தாங்குங்க, அது தானா வரும். அது தானாகவே வந்தது. வழுக்கி, சூடாக, நீலமாக வந்து அவனுடைய இரண்டு கைக்குள் கிடந்தது. துடையுங்க, முதுகைத் தேயுங்க என்றாள் போன்காரி. தேய்த்தான். பிள்ளை அழுதது.

அப்போது நடந்ததை அவன் பல தரம் யோசித்துப் பார்த்திருக்கிறான். ஆனந்தம் என்றெல்லாம் இல்லை. கை நடுங்கவில்லை, அவ்வளவுதான். பதின்மூன்று வருஷம் கோயில் மணலில் நடுங்கிய உடம்பு, அங்கே அசையாமல் நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

அம்புலன்ஸில் வந்த பெடியன் கொடியை வெட்டி, பிள்ளையைப் பார்த்துவிட்டு, "அண்ணன், நல்லாச் செஞ்சிருக்கிறீங்க. எங்களுக்கு ஆள் எடுக்கிறாங்க, போட்டுப் பாருங்க" என்றான். சும்மா சொன்னதுதான். நிதுர்ஷன் சும்மா எடுக்கவில்லை.

ஓட்டோவை வாவிக்குள் இறக்கிக் கழுவினான். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சடங்கு நிற்கும். ஒன்பதாவது நாள் மேலெல்லாம் துடக்கோடு சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு ஆடினான்.

அந்தச் சடங்கில் ஒரு முறை உண்டு. தெய்வம் ஏறியதும் கட்டாடியார், "கோயில் எல்லைக்குள்ள துடக்கு ஏதும் கிடக்கோ தாயே?" என்று கேட்பார். சில வருஷம் தெய்வம் இல்லை என்று தலையாட்டும். சில வருஷம் ஒருவரைக் கமுகம்பூவால் காட்டும். காட்டப்பட்ட ஆள் பேசாமல் வெளியேற வேண்டும். போன வருஷம் அந்தக் கேள்வி வந்தபோது நிதுர்ஷனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தன்னிடம் யாரும் மோப்பம் பிடித்துவிட்டார்களோ என்ற பயத்தில் கை தானாகவே எழுந்தது. முன்னால் நின்ற கூட்டத்தில் எங்கோ காட்டியது. அது விதுர்ஷா.

விதுர்ஷாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டு வாசிகசாலையில் உதவிக்கு நின்றவள். ஒரு துடக்கும் இல்லாதவள். அம்மாளுக்குப் படைக்கக் கொண்டுவந்த மடைத்தட்டைத் தாய் பிடுங்கிக்கொள்ள, இருநூறு பேருக்கு நடுவால் தனியாக வெளியே போனாள். பெண்பிள்ளையை அப்படி வெளியே அனுப்பினால் ஊர் என்னென்ன கதைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதைத்தது. வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் வராமல் நின்றது.

அதற்குப் பிறகும் அவன் தீயில் இறங்கினான். கால் சுடவில்லை. அன்றைக்கு இரவு உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கொப்புளமாவது இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலுக்குப் பின்னால் வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தீக்குழியில் வேம்பும் புளியும் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. அன்னப்பூரணி முன்வரிசையில், கட்டாடியாரிடம் எல்லாம் சொல்லி முடித்த முகத்தோடு நின்றாள்.

நிதுர்ஷன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பத்து நிமிஷம் ஆடுவது. துடக்குக் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டுவது. வேலைக் கேள்விக்குப் போகட்டும் என்பது. பிறகு வாழ்நாளில் இந்தப் பட்டைத் தொடுவதில்லை. ஐந்து வருஷப் பொய்யில் கடைசிப் பொய். அதுவாவது தனக்கு உதவட்டும்.

உடுக்கு அடித்தது. இடது தோளை ஆட்டினான். தலை வந்தது. குலவை எழுந்தது. வினாயகமூர்த்தி ஒலிவாங்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவனுக்குக் கமுகம்பூவை நீட்டினார்.

"தாயே, கோயில் எல்லைக்குள்ள துடக்கு ஏதும் கிடக்கோ?"

தலையாட்டுவதற்காக முகத்தை நிமிர்த்தியபோதுதான் கண்டான். கூட்டத்தில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் பின்பக்கம் திரும்பியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பச்சைச் சுடிதாரோடு விதுர்ஷா நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தரம் கோயிலுக்கு வந்திருக்கிறாள். அவன் இன்னும் கையைத் தூக்கவில்லை. அதற்குள் அவள் மடைத்தட்டைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அழவில்லை. பஸ்ஸில் தன் இறக்கம் வந்துவிட்டது மாதிரி நடந்தாள்.

நிதுர்ஷனின் தோள் நின்றது.

"நில்லு புள்ள," என்றான்.

ஒலிவாங்கி அதைப் பிடித்து வாவியின் அக்கரை வரைக்கும் கொண்டுபோனது. உடுக்கு நின்றது.

வினாயகமூர்த்தி கைகூப்பினார். "தாயே, அந்தப் பிள்ளையை நிக்கச் சொல்றயா தாயே?"

"தாய் இல்ல மாமா. நான் நிதுர்ஷன்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்தது. பின்னால் யாரோ, "கட்டிப்போட்டானுகள்! வேணுமெண்டு ஆரோ அம்மாளைக் கட்டிப்போட்டானுகள்!" என்று கத்தினான். "தேசிக்காய் வெட்டுங்க!" என்றான் இன்னொருவன். செய்வினை என்றால் ஊருக்கு உடனே தெம்பு வந்துவிடும். யார் செய்தது என்று தேடலாம், பழைய கோபம் எல்லாவற்றையும் அதில் போட்டு அவிக்கலாம். கட்டாடியாரின் கையில் தேசிக்காய் வந்துவிட்டது, நல்ல பச்சை எலுமிச்சை. கத்தியும் வந்துவிட்டது.

"தேசிக்காயை வச்சிருங்க மாமா. கறிக்காவது உதவும். நான் சொல்றதைக் கேளுங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை யாரோ அதட்டினார்கள்.

"போன வருஷம் சடங்குக்கு ஒம்பது நாளைக்கு முதல் என்ட ஓட்டோக்குள்ள ஒரு பிள்ளை பிறந்திச்சு. இந்தக் கையிலதான் பிறந்திச்சு. துடக்கு எனக்கு. மறைச்சுப்போட்டு ஆடினன். நீங்க கேட்டோன பயத்தில அந்தப் பிள்ளையைக் காட்டினன். அவவுக்கு ஒரு துடக்கும் இல்ல. காட்டினது அம்மாளும் இல்ல."

ஒலிபெருக்கி இரைந்தது. 

"அப்ப அம்மாள்?" என்றார் வினாயகமூர்த்தி. ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"வராம அஞ்சு வருஷம் மாமா."

"அஞ்சு வருஷமா ஆடினது ஆருடா?"

"நான்தான்."

அன்னப்பூரணி ஒரு அடி முன்னால் வந்தாள். "தீக்குள்ள இறங்கினியே மனே. துடக்கோட இறங்கினியே. சுடல்லையே."

"சுடல்லம்மா."

"காலைக் காட்டு," என்றார் கட்டாடியார். ஒரு வருஷத்துக்கு முந்திய சூட்டை இப்போது தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று நிதுர்ஷனுக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முன்வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. வெடிப்பும் மணலும் இருந்தன. வடு இல்லை.

"அம்மாள் பொறுத்திட்டா," என்றாள் ஒருத்தி.

"என்னத்தைப் பொறுக்கிற? பொய்யையா?" என்றாள் மற்றவள்.

"பிள்ளையைப் பிடிச்சதுக்காகப் பொறுத்திருப்பா."

"அப்ப விதுர்ஷாட கலியாணத்தைக் குழப்பினதுக்கு?"

வினாயகமூர்த்தி கையை உயர்த்தினார். அவர் கெட்டிக்காரர். சனம் தெய்வத்தை ஆராயத் தொடங்கினால் சடங்கு பொழுதுபட்டும் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"அம்மாள் பொறுத்தாளா இல்லையா எண்டு நான் விசாரிக்க ஏலா. அது அவவுக்கும் இவனுக்கும் உள்ள கதை. எனக்குத் தெரிஞ்சது முறை. துடக்கை மறைச்சு ஆடினவன் மறுகா இந்தக் கோயில்ல ஆட ஏலா. சாகும் வரைக்கும் ஆட ஏலா. சிலம்பைக் கழட்டி வை. வாவியில முழுகு. சடங்கு முடியும் வரைக்கும் வேலிக்கு வெளியால நில்லு."

பிறகு ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்தார். "விதுர்ஷா புள்ள, நீ உள்ளுக்கு வா. உன்னில ஒரு பிழையும் இல்ல. எல்லாரும் கேளுங்க, இவவில ஒரு பிழையும் இல்ல."

விதுர்ஷா உடனே வரவில்லை. கூட்டத்தை ஒரு தரம் ஆற அமரப் பார்த்தாள். பிறகு வந்து தாயின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

நிதுர்ஷன் சிலம்பைக் கழற்றினான். அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. சாகும் வரைக்கும் ஆட ஏலா. அந்த வசனத்தை மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். தண்டனை என்று கொடுத்தார்கள். இதைக் கேட்டு வாங்க ஐந்து வருஷமாக அவனுக்கு வாய் வரவில்லை.

வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். சேறு விரலிடுக்கில் ஏறியது. ஏழு தரம் முழுகச் சொன்னார்கள். எட்டாவது தரம் சும்மா, தனக்காக முழுகினான். பட்டு நனைந்து பாரமாகி இடுப்பை இழுத்தது. அவிழ்த்துக் கரையில் எறிந்துவிட்டு, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு வேலிக்கு வெளியே போய் நின்றான்.

உள்ளே உடுக்கு மறுபடி தொடங்கியது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி மேல் தெய்வம் வந்தது. உண்மையா பொய்யா என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினாலு வருஷத்தில் ஒரு தரமாவது அவன் சடங்கைப் பார்த்ததில்லை. இவ்வளவு புழுதி கிளம்பும் என்றோ, சின்னப்பிள்ளைகள் இவ்வளவு பலூன் வாங்கும் என்றோ தெரியாது. வேலியோரம் ஐஸ்பழக்காரன் மணியடித்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து விரதம். இனி யாருக்காக? காசு பிறகு தருவதாகச் சொல்லி ஒன்று வாங்கினான். சிவப்பு ஐஸ்பழம். பல் கூசியது.

பாதி தின்றிருக்கும்போது விதுர்ஷா வெளியே வந்தாள். நெற்றியில் புதுத் திருநீறு.

"போன வருஷம் என்னைக் காட்டினது அம்மாளா நீங்களா?"

"நான்தான். சொன்னன்தானே."

"இல்ல, திரும்பக் கேக்கிறன். அம்மாள் எண்டா மன்னிச்சிருப்பன்."

"நீ மன்னிக்க வேணாம்."

"மன்னிக்கல்ல. எனக்கும் ஐஸ்பழம் ஒண்டு வாங்கித் தாங்க."

வாங்கிக் கொடுத்தான். அவள் உறையைக் கடித்துக் கிழித்தாள்.

"திங்கக்கிழமை அம்புலன்ஸில ஏறுறீங்களாம். உங்கட அம்மா உள்ளுக்கு நிண்டு எல்லாருக்கும் சொல்லி அழுறா."

"ஓம்."

"எனக்கு ஏதும் நடந்தா வேற ஆளை அனுப்புங்க."

"வேற ஆள் இல்லாட்டி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வாய் திறக்காம வரணும். தலையாட்டப் படாது."

சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது கோயில் வாசலால்தான் போனாள், நேராக, எல்லோரும் பார்க்க.

அன்னப்பூரணி இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். வாவிக்கரையில் கிடந்த பட்டை எடுத்து வந்து, காயப்போட்டு, மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தான். புதுப் பிளாஸ்டிக் வாளி ஒன்று. பக்கத்தில் சவர்க்காரம், ஒரு துண்டு மஞ்சள். அதற்கு மேல் கொடி கட்டி, அவன் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள்.

"வேலையால வந்தா முன்வாசலால வராத," என்றாள், அவனைப் பார்க்காமல். "வளவைச் சுத்தி இஞ்சால வா. குளிச்சு மாத்திக்கொண்டுதான் வீட்டுக்குள்ள ஏறணும். ஒவ்வொரு நாளும்."

"ஓமம்மா."

"மறந்து வந்தா முத்தம் கூட்டுற தும்புத்தடியாலதான் தருவன்."

அம்மாளின் உத்தரவு கேட்டு அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது என்று நினைத்தான்.

திங்கட்கிழமை முதல் அழைப்பு ஒன்பது இருபதுக்கு வந்தது. உள்ளூரில் ஒரு வீடு, கிழவர் ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார், மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. சாரதி வேகமாக ஓட்டினார். வழியில் திவாகரனின் வீடும் அந்தப் பனைமரமும் கடந்து போயின. அங்கே அவன் இன்னும் போகவில்லை. போக வேண்டும். இந்தக் கிழமைக்குள் போவான்.

அழைப்பு வந்த வீட்டின் படலையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுதார்கள். சாவு வீட்டின் அழுகையாகவும் இருக்கலாம், பயந்த அழுகையாகவும் இருக்கலாம். வெளியே நின்று கேட்டால் வித்தியாசம் தெரியாது. நிதுர்ஷனின் கால் பழக்கத்தில் படலையடியில் ஒரு கணம் தயங்கியது.

பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலை மிதித்து உள்ளே போனான். கிழவருக்கு மூச்சு இருந்தது.